நூற்றில் ஒருவருக்கு வேலை: நோக்கியாவை நம்பிய ஃபின்லாந்து – ஒரு நிகழ்வு ஆய்வு

2000ஆம் ஆண்டில் ஃபின்லாந்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் சுமார் 23 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய 24,000 பேருக்கு நோக்கியா சம்பளம் கொடுத்தது. நூறு பேரில் ஒருவர், அவ்வளவுதான். ஆனால் அதே ஆண்டில் நாட்டின் ஜிடிபியில் 4 சதவீதம் அந்த ஒரே நிறுவனத்திலிருந்து வந்தது. ஏற்றுமதியில் ஐந்தில் ஒரு பங்கு அதனுடையது. ஹெல்சிங்கி பங்குச் சந்தையின் மொத்த மதிப்பில் பாதிக்கும் மேல் நோக்கியாவின் பங்குகள்தான். அடுத்த சில ஆண்டுகளில், நாட்டில் வசூலான நிறுவன வரியில் நோக்கியா கட்டியது மட்டும் ஒரு கட்டத்தில் 23 சதவீதத்தைத் தொட்டது.

ஒரு நாடு தொழில்நுட்பத் துறையை எவ்வளவு நம்பியிருக்கிறது என்ற பேச்சு வந்தால், அந்தத் துறையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்போம். அந்த எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஃபின்லாந்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த நூற்றில் ஒருவருடைய வேலை ஆட்டம் கண்டபோது மீதி 99 பேரின் வரி, ஓய்வூதியம், ஊர், வீட்டு விலை எல்லாம் சேர்ந்தே ஆடின. அப்புறம் நாடு எழுந்தது. ஆனால் எல்லோரும் சேர்ந்து எழவில்லை. யார் எழுந்தார்கள், யார் எழவில்லை என்பதுதான் இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

காகித ஆலையிலிருந்து கைபேசிக்கு

நோக்கியா 1865இல் தாம்பெரே நகரத்து ஆற்றங்கரையில் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கியது. பின்னாளில் ரப்பர் நிறுவனம் ஒன்றும் கேபிள் நிறுவனம் ஒன்றும் அதனுடன் சேர்ந்தன. 1967இல் மூன்றும் முறையாக ஒன்றாயின. ரப்பர் பூட்ஸ், டயர், கழிவறைக் காகிதம், கேபிள், பிறகு தொலைக்காட்சிப் பெட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் செய்த நிறுவனம் அது. சோவியத் ஒன்றியம் அதற்குப் பெரிய வாடிக்கையாளர்.

1990களின் தொடக்கத்தில் ஃபின்லாந்துக்கு வந்த நெருக்கடியைச் சொல்லாமல் நோக்கியா கதையைச் சொல்ல முடியாது. 1980களில் வங்கிகள் கட்டுப்பாடில்லாமல் கடன் கொடுத்திருந்தன. அந்தக் குமிழி உடைந்த நேரத்திலேயே சோவியத் வணிகமும் ஒரேயடியாக நின்றது. 1991 முதல் 1993 வரை பொருளாதாரம் 10 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. 1990இல் 3 சதவீதத்தை ஒட்டியிருந்த வேலையின்மை 1994இல் ஏறக்குறைய 17 சதவீதம். மேற்கு ஐரோப்பாவில் அமைதிக் காலத்தில் அவ்வளவு வேகமாக வேலை இழந்த நாடுகள் மிகக் குறைவு.

அந்த இருட்டுக்கு நடுவில்தான் 1991 ஜூலை 1 அன்று, ரேடியோலின்யா என்ற தொலைபேசி நிறுவனத்துக்கு நோக்கியா கட்டிக்கொடுத்த வலையமைப்பில் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி தாம்பெரே நகரத் துணை மேயர் காரினா சுவோனியோவைக் கூப்பிட்டுப் பேசினார். ஜிஎஸ்எம் என்ற டிஜிட்டல் கைபேசி முறையில் உலகின் முதல் வணிக அழைப்பு அது. அடுத்த ஆண்டு யோர்மா ஒல்லிலா தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ரப்பர், கேபிள், தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றாக விற்றுத் தள்ளினார். கைபேசியும் வலையமைப்பும் மட்டும் மிஞ்சின. 1998இல் நோக்கியா மோட்டோரோலாவை முந்தி உலகின் முதல் கைபேசி நிறுவனமானது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1983இல் தொடங்கிய டெகெஸ் என்ற தொழில்நுட்ப நிதியமைப்பு மூலம் ஆராய்ச்சிக்குப் பணம் போனது. நெருக்கடி முழுதாக விலகாத 1996இல், அரசுப் பங்குகளை விற்று வந்த பணத்தில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்குத் திருப்பினார்கள். தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் இடங்கள் பெருகின. செலவைக் குறைத்தே ஆக வேண்டிய நேரத்தில் படிப்புக்கும் ஆய்வுக்கும் செலவைக் கூட்டியது துணிச்சலான முடிவு. அது தப்பான முடிவு என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது: அந்த முதலீடு எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் பெரும்பாலும் ஒரே வாசல்.

ஒரு சதவீதம் எப்படி நாட்டைச் சுமந்தது

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 24,000 பேர் வேலை செய்யும் நிறுவனம் நாட்டு வருமானத்தில் 4 சதவீதம் எப்படிக் கொடுக்கும்?

பதில், கைபேசிகள் எங்கே தயாராகின என்பதிலும் லாபம் எங்கே கணக்கு வைக்கப்பட்டது என்பதிலும் இருக்கிறது. நோக்கியா ஆலைகள் ஜெர்மனி, ஹங்கேரி, சீனா, பிரேசில், மெக்சிகோ என்று பரவியிருந்தன. 2006 முதல் நம் ஸ்ரீபெரும்புதூரிலும். பெட்டியில் அடைத்து விற்ற ஒவ்வொரு கைபேசிக்குள்ளும் இருந்த மென்பொருளும் வடிவமைப்பும் காப்புரிமையும் ஃபின்லாந்தைச் சேர்ந்தவை. உலகத்தில் எங்கே ஒரு கைபேசி விற்றாலும் அதன் மதிப்பில் ஒரு பங்கு எஸ்போவிலிருந்த தலைமையகத்துக்குத் திரும்பியது. அது அங்கே லாபமாகவும், வரியாகவும், பொறியாளர் சம்பளமாகவும் மாறியது.

1998 முதல் 2007 வரையிலான பத்தாண்டில் ஃபின்லாந்து கண்ட வளர்ச்சியில் கால் பங்கு நோக்கியாவால் வந்தது என்று பொருளாதார ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். நாடு முழுதும் ஆராய்ச்சிக்குச் செலவான பணத்தில் சுமார் 30 சதவீதம் நோக்கியாவுடையது. ஜிடிபியில் ஆராய்ச்சிச் செலவின் விகிதத்தைச் சொல்லி உலக நாடுகள் ஃபின்லாந்தைப் பாராட்டின. கருத்தரங்குகளில் அதுதான் முன்மாதிரி. அந்த விகிதத்தின் பெரும்பகுதி ஒரே நிறுவனத்தின் செலவுக் கணக்கு என்பதைப் பாராட்டியவர்கள் அதிகம் கவனிக்கவில்லை. 2009இல் 3.7 சதவீதமாக இருந்த விகிதம், நோக்கியா விழுந்த பிறகு 2016 வாக்கில் 2.7 சதவீதத்துக்கு வந்துவிட்டது. நாடு ஆராய்ச்சியில் ஆர்வம் இழந்ததால் வந்த இறக்கம் இல்லை. ஒருவர் செலவைக் குறைத்தார், நாட்டுச் சராசரியே இறங்கியது.

இன்னொன்றும் நடந்தது. நல்ல மின்னணுப் பொறியாளர் என்றால் நோக்கியா எடுத்துக்கொள்ளும். அந்தச் சம்பளத்தோடு மற்ற நிறுவனங்கள் போட்டி போட முடியாது. பல்கலைக்கழகம் பாடம் வகுத்ததும், இளைஞர்கள் படிப்பைத் தேர்ந்தெடுத்ததும், சிறு நிறுவனங்கள் வாடிக்கையாளரைத் தேடியதும் அந்த ஒரே திசையில். எல்காட்டெக், பெர்லோஸ், சால்காம்ப் போன்ற உதிரிபாக, ஒப்பந்த உற்பத்தி நிறுவனங்கள் நோக்கியாவின் நிழலிலேயே வளர்ந்தன. நோக்கியா உற்பத்தியை ஆசியாவுக்கு நகர்த்தியபோது அவையும் பின்னாலேயே போயின. 2007இல் பெர்லோஸ் ஃபின்லாந்திலிருந்த தன் ஆலைகளை மூட முடிவெடுத்ததில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அப்போது நோக்கியா உச்சத்தில் இருந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆலைத் தொழிலாளர்களுக்கு வீழ்ச்சி ஐபோன் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்குத்தான் அது தாமதமாக வந்தது.

சாலோ

ஹெல்சிங்கியிலிருந்து துர்க்குவுக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கிறது சாலோ. அக்கம்பக்கத்து ஊராட்சிகளை 2009இல் இணைத்த பிறகும் மக்கள்தொகை சுமார் 55,000தான். சலோரா என்ற வானொலி, தொலைக்காட்சி நிறுவனம் அங்கே முன்பே இருந்ததால் மின்னணு வேலை அந்த ஊருக்குப் புதிதில்லை. சலோராவும் நோக்கியாவும் 1979இல் சேர்ந்து தொடங்கிய மொபிராதான் பிறகு நோக்கியாவின் கைபேசிப் பிரிவானது. நல்ல காலத்தில் அங்கே 5,000 பேர் அளவுக்கு நோக்கியாவில் வேலை பார்த்தார்கள். உதிரிபாக நிறுவனங்கள், உணவகங்கள், லாரிக்காரர்கள், ஆலைத் துப்புரவுப் பணியாளர்கள் தனி.

ஃபின்லாந்தில் உள்ளாட்சிகள் தங்கள் மக்களிடம் நேரடியாக வருமான வரி வசூலிக்கின்றன. நிறுவன வரியிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு, அப்போது மருத்துவமும்கூட அந்தப் பணத்தில்தான் நடந்தன. நோக்கியா லாபம் பார்த்த வரை சாலோ பணக்கார ஊர். நோக்கியா சறுக்கியதும் இரண்டு வருமானமும் ஒரே சமயத்தில் விழுந்தன. வேலை இழந்தவர்களுக்கு உதவ ஊராட்சிக்கு அதிகப் பணம் தேவைப்பட்ட அதே ஆண்டுகளில் கையில் பணம் இல்லை. ஒரே முதலாளியை நம்பிய ஊருக்கு இதைவிட மோசமான ஏற்பாடு இருக்க முடியாது.

2012 பிப்ரவரியில், கைபேசிகளைக் கோக்கும் வேலையை ஆசியாவுக்கு மாற்றப்போவதாக நோக்கியா அறிவித்தது. சாலோவில் மட்டும் சுமார் 1,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். நான்கு மாதம் கழித்து, ஜூனில், ஆலையையே மூடும் அறிவிப்பு வந்தது. உலகம் முழுதும் 10,000 வேலைகள் போகும் என்றது அதே அறிவிப்பு. ஆராய்ச்சிப் பிரிவு மட்டும் சாலோவில் தப்பியது. அது 2014இல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. 2015இல் மைக்ரோசாஃப்ட் அதையும் மூடியது; மேலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள்.

வேலை போனால் வேறு ஊருக்குப் போகலாமே என்று தோன்றும். நாற்பத்தைந்து வயது, கடனில் வாங்கிய சொந்த வீடு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என்று இருப்பவரை நினைத்துப் பாருங்கள். ஊரில் ஒரே சமயத்தில் நிறைய வீடுகள் விற்பனைக்கு வந்தால் விலை விழும். விற்றுவிட்டு ஹெல்சிங்கியில் வாடகை கொடுக்கவும் முடியாது, விற்காமல் போகவும் முடியாது. ரயில் பிடித்துத் தலைநகருக்குத் தினமும் போய் வந்தவர்கள் உண்டு. அப்படிப் போக, தலைநகரில் கேட்கும் தொழில் கையில் இருக்க வேண்டும். இருபது ஆண்டு கைபேசி கோத்த அனுபவத்துக்கு அங்கே ஆள் தேடவில்லை.

விழுந்த விதம்

இது பலமுறை எழுதப்பட்ட கதை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 2007இல் ஐபோன் வந்தது, பிறகு ஆண்ட்ராய்டு வந்தது. நோக்கியாவின் சிம்பியன் இயங்குதளம் தொடுதிரைக் காலத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 2010 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டிலிருந்து வந்த கனடாக்காரர் ஸ்டீபன் ஈலாப் தலைமை ஏற்றார். 2011 பிப்ரவரியில் சிம்பியனைக் கைவிட்டு விண்டோஸ் ஃபோன் பக்கம் போவதாக அறிவித்தார். அந்த ஏப்ரலில் 4,000 வேலைகள் போகும் என்றும், சிம்பியன் பிரிவில் இருந்த 3,000 பேர் அக்செஞ்சருக்கு மாற்றப்படுவார்கள் என்றும் சொன்னார்கள். அதே ஆண்டு அக்டோபரில் எல்காட்டெக் திவாலானது. 2000இல் 60 யூரோவைத் தாண்டியிருந்த நோக்கியா பங்கு 2012 ஜூலையில் 2 யூரோவுக்கும் கீழே போனது. 2013 செப்டம்பரில் கைபேசித் தொழிலை 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசாஃப்டிடம் விற்க ஒப்பந்தம் ஆனது. 2014 ஏப்ரலில் கைமாறியது. தொழிலோடு சேர்ந்து மைக்ரோசாஃப்டுக்கு மாறிய ஊழியர்களில் சுமார் 4,700 பேர் ஃபின்லாந்தில் இருந்தவர்கள். 2014, 2015, 2016 என்று மூன்று ஆண்டும் வரிசையாக ஆட்குறைப்பு செய்து மைக்ரோசாஃப்ட் அந்தத் தொழிலை முடித்து வைத்தது.

அதே நேரத்தில் காகிதத் தொழிலும் சரிந்துகொண்டிருந்தது. ஐபோன் நோக்கியாவையும் ஐபேட் காகிதத் தொழிலையும் கொன்றன என்று 2014இல் அன்றைய பிரதமர் அலெக்சாண்டர் ஸ்டுப் ஒரு பேட்டியில் சொன்னார். அந்த அக்டோபரில்தான் நாடுகளின் கடன் தரத்தை மதிப்பிடும் எஸ் அண்டு பி நிறுவனம், ஃபின்லாந்துக்கு இருந்த மிக உயர்ந்த ‘ஏஏஏ’ தரத்தைக் குறைத்திருந்தது. 1990களில் நாணய மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைத் தூக்க முடிந்தது. இப்போது கையில் இருந்தது யூரோ. அந்த வழி அடைபட்டிருந்தது. கடைசியில் 2016இல் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூவரும் கையெழுத்திட்ட போட்டித்திறன் ஒப்பந்தத்தின்படி, ஊழியர்கள் ஆண்டுக்கு 24 மணிநேரம் கூடுதலாக, சம்பள உயர்வு இல்லாமல் வேலை செய்ய ஒத்துக்கொண்டார்கள். நோக்கியா வாசலையே மிதிக்காத செவிலியரும் பேருந்து ஓட்டுநரும் சேர்த்துத்தான். நூற்றில் ஒருவரின் வேலை போனதற்கு மற்ற 99 பேர் கட்டிய விலையில் இது ஒரு பகுதி.

வேலையை விட்டு அனுப்பியது எப்படி

இந்த நிகழ்வில் நான் மனமார மதிக்கும் பகுதி இது. 2008இல் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரத்து ஆலையை நோக்கியா மூடியபோது 2,300 பேர் வேலை இழந்தார்கள். லாபம் கொழித்த ஆண்டில் ஆலையை மூடி ருமேனியாவுக்குப் போகிறார்கள் என்று ஊரே தெருவில் இறங்கியது, அரசியல்வாதிகள் நோக்கியா கைபேசியைப் புறக்கணித்தார்கள். அந்த அனுபவம் நிறுவனத்தைச் சுட்டது. அதனால் 2011இல் பெரும் ஆட்குறைப்பு வந்தபோது பிரிட்ஜ் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள்.

வேலை போகிறது என்று சொன்ன நாளுக்கும் உண்மையில் வெளியேறும் நாளுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விட்டார்கள். அந்த மாதங்களில் ஆள் இன்னும் சம்பளப் பட்டியலில்தான் இருப்பார். அப்போதே ஆலோசகரோடு உட்கார்ந்து ஐந்து வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: நோக்கியாவுக்குள்ளேயே வேறு வேலை, வெளியே வேலை, சொந்தத் தொழில், புதிதாகப் படிப்பு, அல்லது இவை எதிலும் அடங்காத சொந்த விருப்பம். தொழில் தொடங்குகிறவருக்குத் திட்டத்தைப் பார்த்து ஒருவருக்கு 25,000 யூரோ வரை கொடுத்தார்கள். நான்கு பேர் சேர்ந்து தொடங்கினால் ஒரு லட்சம் வரை கிடைக்கும். பதிலுக்கு நோக்கியா பங்கு கேட்கவில்லை. கைபேசிச் செயலி செய்தாலும் சரி, உணவகம் வைத்தாலும் சரி.

13 நாடுகளில் 18,000 பேர் இந்தத் திட்டத்தின் கீழ் வந்தார்கள். கடைசி நாளன்று அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்திருந்தவர்கள் சுமார் 60 சதவீதம். ஏறக்குறைய 1,000 சிறு நிறுவனங்கள் பிறந்தன. செலவு சுமார் 5 கோடி யூரோ. மொத்த மறுசீரமைப்புச் செலவில் 4 சதவீதத்தை ஒட்டிய தொகை. இவ்வளவு சின்னத் தொகையில் இவ்வளவு பேருக்கு வழி காட்ட முடியும் என்றால், பெரிய நிறுவனங்கள் பணமில்லை என்று சொல்வதை நாம் ஏற்க வேண்டியதில்லை.

திட்டம் தனியாக நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதன் அடியில் நாட்டுச் சட்டம் இருந்தது. ஃபின்லாந்தில் பத்து அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலையிலிருந்து எடுக்க நினைத்த நிறுவனம் அன்று ஆறு வாரம் ஊழியர் பிரதிநிதிகளோடு பேச்சு நடத்தியாக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் வேலை போனால், வேலையின்மை நிதியத்தில் சேர்ந்தவருக்கு முன்பு வாங்கிய சம்பளத்தை ஒட்டிய வேலையிழப்புப் படி அன்று 500 நாள் வரை கிடைத்தது. வாரத்துக்கு ஐந்து நாள் கணக்கு என்பதால் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. வேலை போன மறுநாளே கிடைத்ததைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசரம் இல்லாமல் யோசிக்க, படிக்க அவகாசம் கிடைத்தது அதனால்தான்.

யார் எழுந்தார்கள்

வடக்கே இருக்கும் ஔலுவில் நோக்கியாவின் மோடம் பிரிவில் வேலை செய்த ஒரு பொறியாளரை எடுத்துக்கொள்வோம். 2010இல் அந்தப் பிரிவை ஜப்பானின் ரெனேசாஸ் வாங்கியது. 2013இல் அது பிராட்காமுக்குக் கைமாறியது. 2014இல் பிராட்காம் அந்தத் தொழிலையே விட்டு விலகியது. உடனே தைவானின் மீடியாடெக்கும் நார்வேயின் நார்டிக் செமிகண்டக்டரும் ஔலுவில் அலுவலகம் திறந்து அந்த ஆட்களை எடுத்துக்கொண்டன. ஐந்து ஆண்டுக்குள் கழுத்தில் நான்கு அடையாள அட்டைகள் மாறியிருக்கலாம். வீடு மாறவில்லை, ஊர் மாறவில்லை, செய்யும் வேலைகூட அவ்வளவாக மாறவில்லை. ஹுவாவே 2012இல் ஹெல்சிங்கியில் ஆராய்ச்சி மையம் அறிவித்ததும் இதே ஆட்களைத் தேடித்தான். வானொலி அலைத் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் ஒரே ஊரில் ஆயிரக்கணக்கில் இருந்தது ஔலுவின் பலம். அங்குள்ள பல்கலைக்கழகம் 2018இல் 6ஜி ஆய்வுத் திட்டத்தைத் தொடங்க முடிந்ததும் அதனால்தான்.

ஹெல்சிங்கியில் ஆங்ரி பேர்ட்ஸ் செய்த ரோவியோ, பிறகு சூப்பர்செல் என்று விளையாட்டு நிறுவனங்கள் எழுந்தன. 2013இல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் சூப்பர்செல்லின் 51 சதவீதத்தை 150 கோடி டாலருக்கு வாங்கியபோது அங்கே வேலை பார்த்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். நிறுவனர்கள் ஃபின்லாந்திலேயே வரி கட்டியது நல்ல விஷயம்தான். ஆனால் சாலோவின் 5,000 வேலைக்கு நூறு பேர் நிறுவனம் பதிலாகாது. நோக்கியா போனாலும் ஸ்டார்ட்அப்கள் வந்துவிட்டன என்று எழுதப்பட்ட உற்சாகக் கட்டுரைகள் கோட்டைவிட்ட இடம் இது. வரியும் பெருமையும் திரும்ப வந்தன, வேலை அதே அளவில் வரவில்லை. வந்த வேலையும் வேறு ஊரில், வேறு படிப்புக்காரருக்கு.

சாலோவிலும் முழு இருட்டு இல்லை. ஆலைக் கட்டடங்கள் பல நிறுவனங்கள் பகிரும் வளாகமாயின. 2019இல் வால்மெட் ஆட்டோமோட்டிவ் அங்கே மின்வாகன பேட்டரித் தொகுப்பு தயாரிக்கத் தொடங்கியது. கைபேசி கோத்த கைகளுக்கு ஒத்துப்போகும் வேலை. ஆனால் ஆலை மூடி ஏழு ஆண்டு கழித்து வந்தது. நாற்பத்தைந்தில் வேலை இழந்தவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

ஸ்ரீபெரும்புதூர்

இந்தக் கதையின் மறுமுனை நம் பக்கத்தில் இருக்கிறது. பெர்லோஸும் சால்காம்பும் ஃபின்லாந்தை விட்டு வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று ஸ்ரீபெரும்புதூர். நோக்கியா ஆலை உச்சத்தில் 8,000 பேர் வரை நேரடியாக வேலைக்கு வைத்திருந்தது. பிளஸ் டூ முடித்த, இருபது வயதை ஒட்டிய பெண்கள் அதில் மிக அதிகம். காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கம்பெனி பஸ் விடியற்காலையிலேயே போய் நின்றது. வீட்டில் முதல் மாதச் சம்பளக்காரர் என்ற இடம் பல குடும்பங்களில் அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது.

2013 ஜனவரியில் வருமான வரித்துறை ஆலையில் சோதனை நடத்தியது. கைபேசியில் ஏற்றும் மென்பொருளுக்காக ஃபின்லாந்துக்கு அனுப்பிய பணத்தில் வரி பிடித்தம் செய்யவில்லை என்பது வழக்கு. கேட்ட தொகை 2,000 கோடி ரூபாய்க்கு மேல். மேலே சொன்ன அதே பணம்தான் இது. எஸ்போவுக்குத் திரும்பிப் போய் அங்கே ஜிடிபியாக மாறிய பணத்தில் எங்கள் பங்கு எங்கே என்று இந்தியா கேட்டது. கேள்வி நியாயமானதுதான் என்று நினைக்கிறேன். அதைக் கேட்ட விதமும் நேரமும் ஆலைப் பெண்கள் தலையில் விடிந்தது. வரி வழக்கில் சிக்கிய ஆலையை மைக்ரோசாஃப்ட் விற்பனையில் சேர்க்க முடியவில்லை. மைக்ரோசாஃப்டுக்காக ஒப்பந்த உற்பத்தி சில மாதம் ஓடியது, விருப்ப ஓய்வுத் தொகை கொடுத்து ஆயிரக்கணக்கானோரை அனுப்பினார்கள். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அடுத்த மாதம் பக்கத்திலிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் மூடியது. வழக்கை இரு நாட்டு வரித்துறைகளும் 2018இல் பேசித் தீர்த்தன.

சாலோ தொழிலாளிக்கு இருந்த 500 நாள் படி இங்கே கிடையாது. மொத்தமாகக் கொடுத்த தொகை கல்யாணத்துக்கோ கடனுக்கோ போனால் அதோடு முடிந்தது. 2019இல் சால்காம்ப் அந்த ஆலையை வாங்கி, ஆப்பிள் கைபேசிகளுக்கான சார்ஜர் செய்ய இறங்கியது. ஆனால் மின்னணு ஆலைகள் பெரும்பாலும் இளம் வயதுப் பெண்களைத்தான் புதிதாக எடுக்கின்றன. 2006இல் இருபது வயதில் நோக்கியாவில் சேர்ந்தவருக்கு 2019இல் முப்பத்து மூன்று.

நம் கணக்கு

இந்தியாவில் ஐடி துறை நேரடியாகக் கொடுக்கும் வேலைகள் ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேல். நாட்டில் உழைப்பவர்கள் ஐம்பது கோடிக்கு மேல். இங்கேயும் நூற்றுக்கு ஒருவர்தான், ஜிடிபியில் பங்கு சுமார் 7 சதவீதம். ஒரே நிறுவனம் இல்லை, பல நிறுவனங்கள், பல நாட்டு வாடிக்கையாளர்கள் என்பதால் ஃபின்லாந்து அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்று சொல்லலாம். ஓரளவு சரிதான். ஆனால் சோழிங்கநல்லூர், சிறுசேரிப் பக்கம் வீட்டுக்கடன் கட்டுபவர்களும், அவர்களை நம்பிய மெஸ், ஹாஸ்டல், வாடகைக் கார்க்காரர்களும் பெரும்பாலும் ஒரே துறையைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் மின்னணு ஆலைகளில் மறுபடியும் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள்.

ஃபின்லாந்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற கணக்கு எப்போதும் கையில் இருந்தது. ஒரு ஊரின் வரி வருமானத்தில் எத்தனை பங்கு ஒரே முதலாளியிடமிருந்து வருகிறது, அங்கே வேலை செய்பவர் அந்த வேலை போனால் ஒரு மணிநேரப் பயண தூரத்துக்குள் வேறு என்ன வேலைக்குப் போக முடியும், அவருக்கு என்ன வயது என்ற கணக்குதான் சாலோவுக்குத் தேவைப்பட்டது. நம் தொழிலாளர் துறை ஊர்வாரியாகவும் வயதுவாரியாகவும் அந்தக் கணக்கை எடுத்து வெளியிட வேண்டும். ஆலைகள் முழு வேகத்தில் ஓடும் இப்போதே தொடங்கினால்தான், மாற்றுப் பயிற்சிக்கும் வேலையிழப்புப் படிக்கும் அந்த நிறுவனங்களிடமே பங்கு கேட்க முடியும்.